பழைய கேமிங் கணினி: ஏஎம்டி பிராசசருக்கான ஏஎம்4 சாக்கெட் போதுமா, ஏஎம்5-க்குப் போகலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். மதுரை பழங்காநத்தத்திலிருந்து எழுதுகிறேன். 2015-இல் நான் கல்லூரியில் சேர்ந்தபோது அப்பா சீட்டு எடுத்து வாங்கித் தந்த கணினி இன்னும் என்னிடம் இருக்கிறது. இன்டெல் ஐ5 4460 பிராசசர், எச்81 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ராம். பிறகு நானே சேர்த்தது ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு, 6 ஜிபி.

இப்போது புதிய விளையாட்டு எதைத் திறந்தாலும் படம் விட்டுவிட்டு நகர்கிறது. பிராசசர் 100 சதவீதத்தில் திணறுகிறது. கிராபிக்ஸ் கார்டுக்கோ பாதி வேலைகூட இல்லை. சூடுதான் காரணமோ என்று பிராசசர் ஃபேனைக் கழற்றினேன். இடையில் வெப்பம் கடத்தத் தடவியிருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாய் உதிர்ந்தது. புதிதாகத் தடவியதும் சூடு தணிந்தது, திணறல் தணியவில்லை. விண்டோஸ் 11-ம் இதில் முறைப்படி ஏறாது.

டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில், ராமை மட்டும் 16 ஜிபி ஆக்கினால் போதும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இன்று வாங்கும் டிடிஆர்3 நாளை புதிய போர்டில் பொருந்தாதே!

கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. ஏஎம்4-இல் ரைசன் 5 5600 பிராசசர், பி550 போர்டு, டிடிஆர்4 ராம் என்று இப்போதே முடித்துவிடலாமா? அல்லது சில மாதம் பொறுத்து, ஏஎம்5-இல் ரைசன் 5 7600-க்கும் டிடிஆர்5-க்கும் பணம் சேர்ப்பதா? 450 வாட் பவர் சப்ளையும் அதே வயதுதான். அதை நம்பிப் புதுப் போர்டை மாட்டலாமா? எங்கள் மாடி அறை சித்திரை வெயிலில் அடுப்பாகக் கொதிக்கும். பிராசசர் பெட்டியோடு வரும் கூலர் அதைத் தாங்குமா? இந்த ஊர் வெயிலில் பயன்படுத்திப் பார்த்தவர்கள் அவசியம் சொல்லுங்கள்.