நடுவில் எஞ்சின் வைத்த டொயோட்டா எம்ஆர்2 காரைக் கண்டவர்கள், ஓட்டியவர்கள், அதில் சுழன்றவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நிக்கோவாசி:
எனக்கு வேலை உத்சுனோமியாவில். போன இலையுதிர் காலத்தில் நிக்கோவின் இரோஹாசாக்கா மலைப்பாதை ஏறி அகெச்சிதைராவில் வண்டியை நிறுத்தினேன், எதிரே ஒரு ஏடபிள்யூ11, அதாவது முதல் தலைமுறை எம்ஆர்2, சூப்பர்சார்ஜர் வண்டி. அறுபது தாண்டிய மனிதர் ஒருவர், சீட்டுக்குப் பின்னால் இருக்கும் எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் பார்க்கிற பார்வையைப் பார்த்து, இந்தக் காரைத் தெரியுமா என்று கேட்டார். கிரான் டூரிஸ்மோ என்ற கார் பந்தய வீடியோ கேமில் ஓட்டியிருக்கிறேன் என்றேன், என் ஜப்பானிய மொழி அவ்வளவுதான். "அதில் சுழலுமா?" என்றார். எப்போதும் என்றேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் வலது காலை நீட்டி, குதிகாலைத் தரையில் ஊன்றியபடி முன்பாதத்தை மட்டும் மெல்ல, ரொம்ப மெல்ல மேலே எடுத்துக் காட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

இறங்கும்போது முதலாம் இரோஹாசாக்காவில் அவர் பின்னாலேயே வந்தேன். இறக்கத்துக்கு மட்டுமான அந்தப் பாதையில் 28 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் திரும்புவதற்கு முன்பே பிரேக் விளக்கு அணைந்துவிடும், வளைவு முடியும்வரை மறுபடி எரியாது. அன்றிலிருந்து இதுதான் மண்டைக்குள் ஓடுகிறது: பிளேஸ்டேஷன் 1-இன் எக்ஸ் பட்டனில் பாதி என்று ஒன்று கிடையாதே! அழுத்தினால் முழு ஆக்சிலேட்டர், விட்டால் பூஜ்யம். நடுவில் எஞ்சின் இருக்கும் வண்டியில் பாதி வளைவில் அப்படிப் பட்டென்று விட்டால் எடை முன்னால் பாயும், பின் டயர் பிடியை இழக்கும். சுழலாமல் என்ன செய்யும்? இத்தனை வருஷமாகச் சுழலும் வண்டி என்ற பழியைச் சுமந்தது அந்தக் கார்.

லீட்ஸ்_பெடியன்:
பழி எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கினம் அண்ணை. என்ரை சிநேகிதன் எஸ்டபிள்யூ20, அதுதான் ரெண்டாம் தலைமுறை எம்ஆர்2, டர்போ வைத்திருந்தவன். நான் பக்கத்து சீட். தூறல் மழை, ரவுண்டபவுட், வேகம் ஒன்றும் பெரிசில்லை. உள்ளே திரும்பும்போது முன்னால் ஒரு வான் பிரேக் பிடித்தது, இவன் காலை எடுத்தான், அவ்வளவுதான். கண் மூடித் திறக்க முதல் வந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு நிக்கிறம். வைப்பர் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கு. எதிரே வந்த லொறிக்காரர் லைட்டை ஒருக்கா அடித்துப்போட்டு கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார், ஹோர்ன்கூட அடிக்கேல்லை. இவன் என்னைப் பார்த்து, கேமில திரும்பத் தொடங்கிற மாதிரி, "ஸ்டார்ட் பட்டன் எங்கையடா?" எண்டான். எனக்கு அந்த லொறிக்காரர்தான் இண்டைக்கும் கனவில வாறார்.

வால்வ்16:
முதலில் நிக்கோவாசிக்கு. பட்டன் வாதம் பாதிதான் சரி. முதல் கிரான் டூரிஸ்மோவிலேயே அனலாக் குச்சியை ஆக்சிலேட்டராக வைத்துக்கொள்ள முடியும், யாரும் செய்யவில்லை என்பது வேறு கதை. பிளேஸ்டேஷன் 2 பேடில் எக்ஸ் பட்டனே அழுத்தத்தை அளக்கும். அதிலும் எம்ஆர் வண்டிகள், அதாவது நடுவில் எஞ்சின், பின்சக்கர ஓட்டம் உள்ளவை, சுழன்றன, ஆக பட்டன் மட்டும் குற்றவாளி இல்லை.

லீட்ஸ் தம்பிக்கு: அந்த வண்டி எந்த வருஷம்? அதைச் சொல்லாமல் எஸ்டபிள்யூ20 சுழலும் என்பதில் அர்த்தமே இல்லை. 1989-இல் வந்ததில் 14 அங்குலச் சக்கரம். 1991 கடைசியில் டொயோட்டா சஸ்பென்ஷனை மாற்றி 15 அங்குலம் போட்டது, பின் டயரை 225 மி.மீ. அகலத்துக்குக் கொண்டுபோனது, முன்னால் 195. இந்த வித்தியாசம் காரணத்தோடுதான் இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கிறதென்று நாலு பக்கமும் ஒரே அகலத்தில் டயர் போடுகிறார்கள், பிறகு வண்டியைத் திட்டுகிறார்கள். பழைய டயர், மழை, டர்போ மூன்றும் சேர்ந்தால் எந்த வண்டியும் சுழலும்.

வாங்க நினைப்பவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால், தண்ணீர்க் குழாய்கள் வண்டியின் அடிவயிற்றில் நீளமாக ஓடும். கூலன்ட் மாற்றியபின் காற்றை முழுசாக வெளியேற்றாவிட்டால் எஞ்சின் சூடாகி ஹெட் கேஸ்கெட் போய்விடும், சாதாரணக் காருக்குச் செய்கிற மாதிரி ஊற்றி மூடி வைக்காதீர்கள். டி-பார் கூரை (இரண்டு கண்ணாடிப் பலகைகளைக் கழற்றக்கூடியது) என்றால் ரப்பரைப் பாருங்கள், ஒழுகும். ஏடபிள்யூ11 என்றால் பின்சக்கர வளைவில் துரு இருக்கும், பெயின்ட் புதுசாக இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள்.

என் அனுபவம்: டொரன்டோவில் ஒன்று ஓட்டிப் பார்த்தேன். பின் டிக்கியில் வைத்த சாக்லேட் உருகிவிட்டது, எஞ்சினுக்கு ஒட்டினாற்போல் அந்த டிக்கி.

மெமரிகார்டு:
இவ்வளவு டயர் அளவு சொன்ன அண்ணனுக்கு நன்றி, யாரும் கேட்கவில்லை என்றாலும். நான் நிஜ எம்ஆர்2-வைக் கண்ணால் பார்த்ததில்லை. கிரான் டூரிஸ்மோ 4 தான். அதில் பழைய கார் கடைக்கு நாளாக ஆக வேறு வேறு வண்டி வரும், தெரியும்தானே. 1986 சூப்பர்சார்ஜர் வந்து நின்றது, கையில் காசு கொஞ்சம் குறைந்தது. ஒரு பந்தயம் ஓடிவிட்டு வரலாம் என்று போனால் தம்பி வந்து பேடைப் பிடுங்கி, நாளைத் தள்ளித் தள்ளி அவனுக்கு வேண்டிய நிசான் ஸ்கைலைன் காரைத் தேடியிருக்கிறான். திரும்பி வந்து பார்த்தால் அந்த இடத்தில் ஏதோ வேன். இப்போது அவனுக்குக் கல்யாணமாகிவிட்டது, நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பினாங்கு_டிரிஃப்ட்:
எல்லாரும் பேடையே பேசுகிறீர்கள்லா. இனிஷியல் டி என்ற மலைப்பாதைப் பந்தய ஆர்கேட் கேம் மெஷினில் நிஜ மிதி இருந்தது. இரோஹாசாக்காவில் எதிரி ஓட்டுவதே எஸ்டபிள்யூ20 தான். எங்கள் மால் மெஷினில் மிதியின் ஸ்பிரிங் தளர்ந்து, காலை எடுத்தாலும் மிதி மேலே வர நேரமெடுக்கும். பள்ளிச் சீருடையில் ஒரு பெண் அந்த மெஷினில் மட்டும்தான் உட்காருவாள், பக்கத்தில் நல்லது காலியாக இருந்தாலும். ஏன் என்று கேட்டதற்கு, "இதில்தான் வண்டி வளைவில் நிற்கும் அங்கிள்" என்றாள். எனக்கு அப்போது வயது 22! நிக்கோவாசி சொன்ன தாத்தாவின் கால் கதையைப் படித்ததும்தான் அவள் சொன்னது புரிகிறது. ஸ்பிரிங் அவளுக்காகக் காலை மெல்ல எடுத்துக் கொடுத்திருக்கிறது.

நிக்கோவாசி:
பார்த்தீர்களா வால்வ்16, இதைத்தான் சொன்னேன்.

வால்வ்16:
ஆர்கேட் பௌதிகம் வேறு, கிரான் டூரிஸ்மோ பௌதிகம் வேறு, இரண்டையும் ஒன்றாகப் போட்டு நிரூபித்துவிட்டதாகச் சொல்லாதீர்கள். லீட்ஸ் தம்பி, வருஷம் கேட்டேனே?

லீட்ஸ்_பெடியன்:
90. 14 அங்குலம். முன்னும் பின்னும் ஒரே டயர். சந்தோஷமா?