கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து, கட்டக்கோரை: கரையேறியது எது?

பாம்பன்_பொண்ணு:
அம்மா முப்பது வருடமாகக் கடல்பாசி எடுக்கிறார். விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கி, பாறையிலிருந்து பிய்த்துச் சாக்கில் போடும் வேலை. நேற்று தம்பி மகன் பாடப்புத்தகத்தோடு வந்து, "அப்பத்தா, பாசியிலிருந்துதான் மரம் செடியெல்லாம் வந்துச்சாம். நீ எடுக்கிறதுல எது அது?" என்றான். அம்மா யோசித்து, "கட்டக்கோரைதான். அதுக்குத்தான் இலையும் காயும் இருக்கு" என்றார். சரிதானா?

கீழக்கரை_தம்பி:
கட்டக்கோரை பழுப்பு, மரம் பச்சை. எப்படி ஒத்துப்போகும்? கரையோரப் பாறையில் ஒட்டியிருக்கும் பச்சைப்பாசிதான். கடல் வற்றும்போது காய்கிறது, ஏறும்போது தளிர்க்கிறது. அதுதான் அப்படியே மேலே ஏறியிருக்கும்.

ஓய்வுபெற்ற_லேப்காரன்:
தம்பி பாதி சரி. பச்சைதான், ஆனால் கடலில் இருப்பது இல்லை.

கட்டக்கோரையின் 'காய்' காற்றுப் பை. செடி தண்ணீரில் நிமிர்ந்து நிற்க அது உதவுகிறது, அவ்வளவுதான். பழுப்புப் பாசிக்கும் மரத்துக்கும் சொந்தமே கிடையாது. அதன் முன்னோர், சிவப்புப் பாசி ஒன்றை விழுங்கி உள்ளேயே வைத்துக்கொண்டு வெயிலில் உணவு செய்யப் பழகியவர்கள். கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்தும் சிவப்பு இனம். அந்த இனத்துக்குச் சுமார் 105 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவம் கனடாவில் கிடைத்திருக்கிறது. மரத்துக்கு அவை தூரத்துப் பங்காளிகள்.

நெருங்கிய சொந்தம் உங்கள் ஊர் ஊருணியில் இருக்கிறது. மழை முடிந்து தண்ணீர் தெளிந்ததும் ஓரத்தில் பச்சை நூல் சிக்கு மாதிரி மிதக்குமே, அதை விரலிடுக்கில் தேய்த்துப் பாருங்கள். விளக்கெண்ணெய் போல வழுக்கினால் பெரும்பாலும் ஸ்பைரோகைரா, சொரசொரத்தால் வேறு. நுண்ணோக்கியில் வைத்தால் ஒவ்வொரு அறைக்குள்ளும் பச்சை நாடா ஒன்று ஸ்பிரிங் போலச் சுற்றியிருக்கும். எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. தரைச் செடிகளுக்கு மிக நெருங்கிய உறவு இந்தக் கூட்டம்தான் என்று மரபணு ஒப்பீடு சொல்கிறது. பாட்டன் இல்லை, பாட்டனோடு பிறந்த கிளை. வற்றுவதும் நிறைவதுமான நன்னீரில் பழகியதால்தான் பாட்டனால் தரையில் தாக்குப்பிடிக்க முடிந்தது என்று கருதுகிறார்கள். தரையேற்றத்துக்குச் சாட்சியான வித்துத்தூள்கள் ஏறத்தாழ 47 கோடி ஆண்டுப் பழையவை.

உருவத்தை நம்பி ஏமாந்தது உங்கள் அம்மா மட்டும் இல்லை. 1927இல் நம் குருசடைத் தீவின் பாசிகளைப் பற்றி எழுதிய பாசி ஆராய்ச்சியாளர் எம்.ஓ.பி. அய்யங்கார், 1932இல் ஈரச் சேற்றில் வளரும் ஃபிரிட்ஷியெல்லா என்ற பச்சைப்பாசியை விவரித்தார். அதன் உடலமைப்பைப் பார்த்து, தரைச் செடிக்கு வழிகாட்டி இதுதானோ என்று பெரிய பெரிய ஆட்களே யோசித்தார்கள். கடைசியில் அது பச்சையிலேயே வேறு கிளை.

பாம்பன்_பொண்ணு:
அம்மாவிடம் சொன்னேன். "ஊருணிப் பாசியா? அதுல வழுக்கி விழுந்துதான் என் இடுப்பு போச்சு" என்கிறார். அப்புறம், கரையில் குவியல் குவியலாக ஒதுங்குகிற தாழை? அதுவும் பாசியா சார்?

ஓய்வுபெற்ற_லேப்காரன்:
தாழை பாசி இல்லைம்மா, கடல்புல். தரையேறி, பூக்கக் கற்றுக்கொண்டு, டைனோசர் காலத்தில் திரும்பக் கடலுக்குப் போன குடும்பம். இன்றும் தண்ணீருக்குள்ளேயே பூக்கிறது. ஒதுங்கியதில் முழுசாக ஒன்று கிடைத்தால் பையனிடம் கொடுங்கள். கட்டக்கோரைக்கு அடியில் பாறையைப் பிடிக்கும் ஒட்டு மட்டும்தான் இருக்கும். தாழையில் மண் ஒட்டிய வேரே இருக்கும்.