குடும்பப் படம்தான், ஆனாலும் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

தூறல்:

வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம் என்று ஒரு படத்தை எடுத்து வைத்திருக்கிறோம். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. சான்றிதழில் யுஏ 13+ என்று இருக்கிறது. ட்ரெய்லரைப் பார்த்தால் பெரிய குடும்பம், கல்யாணம், பாட்டு, கலகலப்பு. விமர்சனம் எழுதியவர்களும் ஆபாசம் இல்லை, ரத்தம் இல்லை, குடும்பத்தோடு தாராளமாகப் பார்க்கலாம் என்கிறார்கள். ஆனால் அந்த விமர்சனங்களுக்குக் கீழே வந்த கருத்துகளைப் படிக்கப் படிக்க வேறு ஒரு படம் தெரிகிறது. அப்பா குடிக்கிறார், அம்மாவை அடிக்கிறார், அம்மா வீட்டை விட்டுப் போய்விடுகிறார், இரண்டாம் பாதியில் யாரோ தற்கொலைக்கு முயல்வதாகவும் ஒருவர் எழுதியிருக்கிறார்.

முத்தக் காட்சி வந்தால் உடனே ரிமோட்டைத் தேடத் தெரிகிறது, இந்த மாதிரி விஷயங்களை எப்படி எடைபோடுவது என்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. மகள் எதையும் மனதுக்குள் போட்டு வைத்துக்கொள்கிற பிள்ளை, கேட்டால் ஒன்றுமில்லை என்பாள், பல நாள் கழித்து ராத்திரி விளக்கை அணைத்த பிறகுதான் கேள்வி வரும். சின்னவன் பாதியில் தூங்கிவிடுவான் என்கிறார் என் கணவர், எனக்கு அது போதுமான பதிலாகத் தெரியவில்லை. நீங்கள் எல்லாம் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

பின்வரிசை:

முதலில் அந்தச் சான்றிதழ் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று பார்த்துவிடலாம். இந்தியாவில் 1983-லிருந்து யுஏ என்பது ஒரே வகையாகத்தான் இருந்தது, 12 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் பார்த்து முடிவு செய்யட்டும் என்று பொருள். 2023-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு அதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். இந்த மூன்றுமே அறிவுரைதான், தடை இல்லை. 18 வயதுக்குக் கீழே இருப்பவரைத் தியேட்டருக்குள் விடக்கூடாது என்ற கட்டாயம் 'ஏ' சான்றிதழுக்குத்தான். சிங்கப்பூரின் பிஜி13-ம் இதே போல அறிவுரைதான், அங்கே வயது கட்டாயமாவது என்சி16-லிருந்து. பிரிட்டனில் 12ஏ என்றால் 12 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளையோடு பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும். ஆக, உங்கள் 11 வயதுப் பிள்ளைக்கு இந்தப் படம் ஆகுமா என்பதைச் சான்றிதழ் முடிவு செய்யவில்லை, உங்களிடம் விட்டிருக்கிறது.

இன்னொன்று, தணிக்கை செய்பவர்களுக்கு எண்ணிப் பார்க்கக்கூடிய விஷயங்கள் சுலபம். அமெரிக்காவில் கடுமையான கெட்ட வார்த்தை ஒன்றை ஒருமுறை சொன்னால் பிஜி-13 கிடைக்கலாம், அதற்கு மேல் போனால் பொதுவாக அதைவிடக் கடுமையான 'ஆர்' சான்றிதழ் ஆகிவிடும். வார்த்தையை அப்படி எண்ணலாம். ஒரு அம்மா கதவைச் சாத்திக்கொண்டு அழுவதை எப்படி எண்ணுவது? அதற்கெல்லாம் சேர்த்துத்தான் 'தீமாட்டிக் எலிமென்ட்ஸ்' (கதையில் வரும் கனமான விஷயங்கள்) என்று பொதுவாக ஒரு வரி போட்டுவிடுகிறார்கள். குடும்பப் படத்தின் சான்றிதழில் அந்த வரியைப் பார்த்தால் அங்கேதான் நின்று விசாரிக்க வேண்டும்.

கைவசம் ஒரு வழி இருக்கிறது. நம் படங்கள் பல பிரிட்டன் தியேட்டர்களிலும் வெளியாவதால் அங்கே பிபிஎஃப்சி என்ற தணிக்கை அமைப்பிடம் சான்றிதழ் வாங்குகின்றன. அவர்கள் தளத்தில் படத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் ஏன் அந்தச் சான்றிதழ் என்று சின்ன விளக்கம் இருக்கும், குடும்ப வன்முறை, தற்கொலை போன்றவற்றைப் பெயர் சொல்லியே எழுதியிருப்பார்கள். கதை தெரிந்துவிடும், பெற்றோருக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

முற்றத்து வேம்பு:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். குடி, சண்டை, பிரிவு எதுவும் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் வீட்டிலேயே அது நடக்கலாம். எல்லாவற்றையும் மூடி வைத்தால், தனக்கு ஒன்று நேரும்போது அதைச் சொல்வதற்கு வார்த்தையே இல்லாமல் போய்விடும். அம்மா அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒரு நல்ல படம் வழியாக இதையெல்லாம் தெரிந்துகொள்வதுதான் பாதுகாப்பு. 11 வயது சின்ன வயது இல்லை.

கோடைக்குயில்:

வேம்பு சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை (ஆலோசகர்), அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பிள்ளைகள் படம் பார்த்துப் பயப்படுவதை அமெரிக்காவில் ஜோஆன் கேன்டர் என்ற ஆய்வாளர் பல வருடங்கள் ஆராய்ந்திருக்கிறார். ஏறத்தாழ 7 வயது வரை பிள்ளைகளைப் பயமுறுத்துவது கண்ணுக்குத் தெரியும் தோற்றமும் காதில் விழும் சத்தமும். வயது ஏற ஏற, நிஜமாக நடக்கக்கூடியதுதான் பயமுறுத்தும். இதை உங்கள் வீட்டில் பொருத்திப் பாருங்கள். மகனுக்குக் கதை பாதி புரியாது, ஆனால் இத்தனை நேரம் சிரித்துக்கொண்டிருந்த அந்த அப்பாவின் முகம் திடீரென்று மாறுவதும், கத்துவதும், பாத்திரம் பறப்பதும் அப்படியே பதியும். மகள் பேய்ப் படத்தைக்கூடப் பொய் என்று தள்ளிவிடுவாள். அம்மா போய்விடுவாள் என்பதைப் பொய் என்று தள்ள முடியாது, ஏனென்றால் அது எந்த வீட்டிலும் நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். 11 வயது சின்ன வயது இல்லை என்பதாலேயே அவளுக்கு இந்தப் படம் கனமாக இருக்கும்.

அதனால் எத்தனை கெட்ட காட்சி என்று எண்ணுவதை விட்டுவிடுங்கள். அந்தப் படத்தில் நடக்கும் எது உங்கள் பிள்ளையின் வாழ்க்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சமீபத்தில் தாத்தாவையோ பாட்டியையோ இழந்த பிள்ளைக்கு ஒரு சாதாரண மரணப் படுக்கைக் காட்சியே தாங்காது. நீங்களும் கணவரும் இந்த மாதம் சண்டை போட்டிருந்தால், படத்தில் பிரிகிற தம்பதி யாரென்று அவள் தானே முடிவு கட்டிக்கொள்வாள். அதே படம் அடுத்த வருடம் ஒன்றும் செய்யாமல் போகலாம்.

அடுத்தது, படம் அந்த விஷயத்தை எப்படி முடிக்கிறது. சான்றிதழில் வரவே வராத விஷயம் இது, எனக்கு ரொம்ப முக்கியம். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று ஒரு வழக்கு நம்மிடம் உண்டு. அதைக் கதையாகவே எடுத்த படங்களும் உண்டு. கணவன் அறைகிறான், அடுத்த பாட்டில் சமாதானம், கடைசியில் பொறுத்துப் போனவள் நல்லவள் என்று கைதட்டல். ரத்தம் ஒரு துளி இருக்காது, ஆனால் ஒரு பெண் பிள்ளையும் ஆண் பிள்ளையும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு போவது என்ன? அடித்தது தவறு என்று படத்துக்குள்ளேயே யாராவது சொல்கிறார்களா, அடிபட்டவளுக்கு யாராவது உதவுகிறார்களா என்று பாருங்கள். அடி இன்னும் கடுமையாகக் காட்டப்பட்டிருந்தாலும், அப்படிச் சொல்கிற படத்தைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

தற்கொலை விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் படம் எடுப்பவர்களுக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. செய்யும் முறையை விவரமாகக் காட்டாதீர்கள், துன்பத்திலிருந்து மீண்டு வருபவர்களைக் காட்டுங்கள், உதவி கிடைக்கும் என்பதைக் காட்டுங்கள் என்று அதில் இருக்கிறது. பெற்றோரும் அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். முறையை விவரமாகக் காட்டுகிறது, அல்லது ஒருவர் செத்த பிறகுதான் எல்லோருக்கும் அவர் அருமை புரிகிறது என்று கதை போகிறது என்றால், 11 வயதுக்கு வேண்டாம். ஏற்கனவே மனம் வாடி இருக்கும் பிள்ளை என்றால் எந்த வயதிலும் வேண்டாம்.

தூறல்:

ரொம்ப நன்றி. பிபிஎஃப்சி விளக்கத்தைப் படித்தேன், தற்கொலை முயற்சி இருக்கிறது, விவரமாகக் காட்டவில்லை என்று இருக்கிறது. இரண்டரை மணி நேரப் படத்தை நான் முன்னாலேயே முழுதாக உட்கார்ந்து பார்க்க நேரம் இல்லை. அதற்கு என்ன செய்வது? அப்புறம், சின்னவனைத் தனியாக விட்டுவிட்டு மகளுக்கு மட்டும் காட்டினால் வீடு இரண்டாகும்.

பின்வரிசை:

முழுதாகப் பார்க்க வேண்டாம். ஐஎம்டிபி என்ற சினிமாத் தகவல் தளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் பெற்றோர் வழிகாட்டி என்று ஒரு பகுதி உண்டு, பார்த்தவர்கள் எழுதுவது. பாலியல், வன்முறை, கெட்ட வார்த்தை, குடி, பயமுறுத்தும் காட்சிகள் என்று பிரித்திருப்பார்கள். குடும்பப் படத்துக்கு முதலில் கடைசிப் பகுதியைப் படியுங்கள், நாம் கேட்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். 'டஸ் தி டாக் டை' என்று இன்னொரு தளம், நாய் சாகிறதா என்ற கேள்வியை வைத்துத் தொடங்கியது, இப்போது பெற்றோர் சாகிறார்களா, வீட்டில் அடி உதை இருக்கிறதா என்று நிறையக் கேள்விகளுக்குப் பார்த்தவர்களே ஆம், இல்லை என்று வாக்களிக்கிறார்கள். இரண்டுமே பொதுமக்கள் எழுதுவதுதான், அதனால் ஒருவர் மட்டும் சொன்னதை நம்பாதீர்கள், நம் மொழிப் படங்களுக்குச் சில சமயம் காலியாகவும் இருக்கும்.

எங்கே பிரச்சினை என்று தெரிந்துவிட்டால் அந்த இடங்களை மட்டும் ஓட்டிப் பாருங்கள், கூடவே கடைசி இருபது நிமிடம். முடிவு தெரியாமல் காட்டவே கூடாது. சப்டைட்டிலைப் போட்டுக்கொண்டு சத்தத்தைக் குறைத்து வேகமாக ஓட்டினால் சீக்கிரம் முடிந்துவிடும்.

கோடைக்குயில்:

சின்னவனைப் பற்றி. அவன் தூங்கிவிடுவான் என்று நம்பிப் போடாதீர்கள், சத்தம் வரும்போது சரியாக விழித்துக்கொள்வான். அவனுக்கு வேறு ஒரு படம், அவனே தேர்ந்தெடுத்தது, இன்னொரு நாள் எல்லோரும் சேர்ந்து என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். "உனக்கு வயசு பத்தாது" என்று மட்டும் சொன்னால் ஒளிந்து பார்க்கத் தோன்றும். "இதில் பெரியவர்கள் ரொம்பக் கத்துகிறார்கள், இப்போது உனக்குப் பிடிக்காது" என்று காரணத்தோடு சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள்.

மகளிடம் படம் போடும் முன்பே கதையின் கனமான இடத்தைச் சொல்லிவிடுங்கள், அந்த அம்மா திரும்பி வருவாரா மாட்டாரா என்பதையும் சேர்த்து. சுவாரஸ்யம் போகும், போகட்டும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்று ரிமோட்டை அவள் கையிலேயே கொடுங்கள். அழுதால் உடனே அணைக்க வேண்டியதில்லை, படம் பார்த்து அழுவது கெட்டது இல்லை. அழாமல், பேசாமல், விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் நான் நிறுத்துவேன். முடிந்ததும் "பயந்தியா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் பதில் வரும். "அந்தப் பொண்ணு அம்மா போனப்போ யார்கிட்ட பேசியிருக்கலாம்?" என்று படத்துக்குள் இருந்தே கேளுங்கள்.

முற்றத்து வேம்பு:

குயில் சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், அதே படம் வேறு வருடத்தில் வேறு மாதிரி இருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. தெரிய வேண்டும் என்பதில் மட்டும் மாற்றமில்லை. இந்தப் படம் இல்லாவிட்டால் இன்னொன்று, ஆனால் காட்டுங்கள்.

தூறல்:

கடைசி இருபது நிமிடமும் அந்த இரண்டு இடங்களும் பார்த்துவிட்டேன். அடித்ததற்கு அந்த அப்பாவிடம் அவருடைய அம்மாவே கணக்குக் கேட்கிறார், மருமகளைத் திரும்பி வரச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு அது போதும். சனிக்கிழமை மகனைக் கணவர் வெளியே கூட்டிப் போகிறார், நானும் மகளும் மட்டும் பார்க்கிறோம். நாங்கள் பிரிந்துவிடுவோமா என்று அவள் கேட்டால் என்ன சொல்வது என்று கணவரோடு உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டோம், இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும் இல்லையா.