ஆண்டிஎக்ஸ் நிறுவக் கையேடு: புதுசா போடுறவங்களுக்கு எதை, எவ்வளவு விளக்கணும்?

காப்பிக்கொட்டை (கேள்வி)

வணக்கங்க. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் நடக்கிற ஒரு மாலை வகுப்புக்கு 9 பழைய லேப்டாப் வந்திருக்கு. லெனோவோ, ஏசர், ஹெச்பி எல்லாம் கலந்து. எல்லாமே 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், 64 பிட். உள்ளே விண்டோஸ் 7. பழைய மெஷினுக்கு ஏத்த லேசான லினக்ஸான ஆண்டிஎக்ஸ் 23 போடறதுன்னு முடிவாயிடுச்சு, வேற டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) சொல்லிடாதீங்க. போடப்போறது ப்ளஸ் டூ பசங்க, லினக்ஸைப் பார்த்ததே இல்ல. மேலே சிக்னலை நம்ப முடியாது, அதனால எல்லாம் 4 பக்கத்துல அச்சடிச்சுக் கையில குடுக்கணும். இதுவரை எழுதினது:

"ஐஎஸ்ஓ கோப்பை விரலியில் எரித்து, பயாஸில் தொடக்க வரிசையை மாற்றி, வன்தட்டைப் பிரித்து நிறுவவும்."

இது போதுமா? எங்கெங்கே விரிக்கணும்?

அஸ்தம்பட்டி_அக்கா

விரலியில் எரிக்கச் சொன்னா பையன் தீப்பெட்டி தேடுவான் தம்பி. பென் டிரைவ்னே எழுதுங்க. திரையில என்ன சொல் தெரியுதோ அதே சொல் தாளிலும் வரணும். ரூஃபஸ்ல (ஐஎஸ்ஓவை, அதாவது நிறுவல் கோப்பை, பென் டிரைவ்ல எழுதுற விண்டோஸ் செயலி) பட்டன் மேல 'ஸ்டார்ட்'னு இருக்கு. நீங்க 'தொடங்கு'ன்னு எழுதினா அவன் திரையையும் தாளையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பான்.

அந்த ஒரு வரிக்குள்ள நாலு வேலை இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் மூணு விஷயம் எழுதுங்க: எதை அழுத்தணும், அழுத்தினதும் என்ன தெரியணும், அது தெரியலைன்னா என்ன பண்ணணும். முதல் வேலைக்கு மட்டும் மாதிரி தர்றேன்:

"8 ஜிபி பென் டிரைவைச் செருகுங்க. அதில் இருக்கிறது எல்லாம் அழிஞ்சிடும். ரூஃபஸைத் திறந்து, ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்து, ஸ்டார்ட் அழுத்துங்க. 'ஐஎஸ்ஓ மோட்', 'டிடி மோட்' எதுன்னு ஒரு பெட்டி கேட்கும். டிடி மோட் குடுங்க. முடிஞ்ச பிறகு விண்டோஸ் 'ஃபார்மட் பண்ணணும்'னு கேட்டா கேன்சல் குடுங்க."

கடைசி வரியை மறந்துடாதீங்க. டிடி மோட்ல எழுதின பென் டிரைவ் விண்டோஸுக்குப் புரியாது, கெட்டுப்போச்சுன்னு நினைச்சு ஃபார்மட் கேட்கும். ஓகே குடுத்தா எழுதினது மொத்தமும் போச்சு.

'அழிஞ்சிடும்'ங்கிற எச்சரிக்கை எப்பவும் அழுத்துற வரிக்கு முன்னாடி வரணும். பின்னாடி வந்தா, அழிஞ்ச பிறகுதான் படிப்பான்.

ஐஎஸ்ஓ முழுசா இறங்கியிருக்கான்னு சேலத்திலேயே பார்த்துடுங்க. செவன்-ஜிப் இருந்தா கோப்பின் மேல ரைட் கிளிக், அதுல எஸ்ஹெச்ஏ-256. வர்ற எண்ணும் இறக்கின பக்கத்துல இருக்கிற எண்ணும் ஒண்ணா இருக்கணும்.

குகை_வயர்மேன்

அக்கா சொன்னதுக்கு மேல, பூட் பக்கம் மட்டும். 'தொடக்க வரிசையை மாற்று'ன்னு எழுதாதீங்க. பயாஸுக்குள்ள (மெஷினோட அடிப்படை அமைப்புக்குள்ள) போய் எதையும் மாத்த வேண்டியதில்ல, ஒரு தடவைக்கு பூட் மெனுவே (ஆன் பண்ணினதும் எதிலிருந்து கிளம்பணும்னு கேட்கிற பட்டியல்) போதும். லெனோவோவும் ஏசரும் எஃப்12, ஹெச்பி எஃப்9. ஏசர்ல மட்டும் அந்த மெனு பெரும்பாலும் பயாஸ்ல அணைஞ்சிருக்கும், எஃப்2 அழுத்தி உள்ளே போய் 'எஃப்12 பூட் மெனு'வை எனேபிள் பண்ணணும். உங்க கையில இருக்கிற மூணு கம்பெனிக்கு மட்டும் பட்டியல் போடுங்க. பத்து கம்பெனி போட்டா எவனும் படிக்கமாட்டான்.

டிஸ்க் தேர்வுதான் பெரிய ஆபத்து. 'எஸ்டிஏ'வை (லினக்ஸ் முதல் டிஸ்க்குக்கு வைக்கிற பேரு) தேர்ந்தெடுன்னு எழுதாதீங்க, சில மெஷின்ல பென் டிரைவே எஸ்டிஏ ஆயிடும். அளவை வச்சு அடையாளம் சொல்லுங்க. 320 ஜிபி டிஸ்க் திரையில பல இடத்துல 298-ன்னு தெரியும், ஏன்னா கம்பெனி ஆயிரத்தால் வகுக்குது, மெஷின் 1024-ஆல் வகுக்குது. இதைச் சொல்லாட்டி "22 ஜிபி எங்கே?"ன்னு ஒருத்தன் கேட்பான், பாருங்க.

க்ரப் (லினக்ஸைக் கிளப்புற நிரல்) எங்கே போகணும்னு கேட்கும்போதும் அதே 298 டிஸ்க்தான். தப்பி பென் டிரைவ்ல போயிடுச்சுன்னா, பென் டிரைவ் செருகினா மட்டும்தான் லேப்டாப் கிளம்பும்.

பழைய பேட்டரி நிக்காது. ஏற்காட்டில் பராமரிப்பு மின்தடை என்னைக்குன்னு பார்த்துட்டுத் தேதி வைங்க. நடுவுல கரண்ட் போனா முதல்லேர்ந்து போடணும், பழைய விண்டோஸ் அழிஞ்சு போயிருக்கும், அவ்வளவுதான்.

செவ்வாய்ப்பேட்டை_தமிழ்99

கீபோர்ட் கேட்கிற இடத்துல தமிழைத் தேர்ந்தெடுக்க விட்டுடாதீங்க. யூசர் பேரு சின்ன இங்கிலீஷ் எழுத்துலதான் இருக்கணும், பாஸ்வேர்டும் பிறகு அடிக்கவே வராது. இங்கிலீஷ் கீபோர்டோட நிறுவி முடிச்சுட்டு தமிழ்99 கீபோர்டைச் சேர்க்கலாம்.

அதுக்கு ஐபஸ், ஐபஸ்-எம்17என் (தமிழ்ல அடிக்க உதவுற நிரல்கள்), கூடவே லோஹித் தமிழ் எழுத்துரு வேணும். எழுத்துரு இல்லாட்டி பிரவுசர்ல தமிழ் கட்டம் கட்டமா தெரியும். மூணும் நெட் கேட்கும், மேலே நெட் இல்ல. அதனால ஒரு லேப்டாப்பைச் சேலத்துல வச்சு முழுசா அமைச்சுடுங்க. ஆண்டிஎக்ஸ்லேயே ஐஎஸ்ஓ ஸ்னாப்ஷாட்னு ஒரு கருவி இருக்கு. அது அந்த மெஷினை அப்படியே ஒரு ஐஎஸ்ஓவாக்கித் தரும். கணக்குகளை ரீசெட் பண்ற தேர்வைக் குடுத்தா உங்க பாஸ்வேர்ட் அதுல போகாது. மீதி 8-க்கும் அந்த ஐஎஸ்ஓதான்.

அந்த ஒரு லேப்டாப்ல நெட் வராட்டி அதோட வைஃபைக்கு டிரைவர் இல்லாம இருக்கலாம். போனை வயரில் மாட்டி யுஎஸ்பி டெதரிங் போட்டா பெரும்பாலும் உடனே வந்துடும். நெட் வந்தும் "சான்றிதழ் சரியில்ல"ன்னு பிரவுசர் அடம்பிடிச்சா முதல்ல தேதியைப் பாருங்க. பயாஸ் பேட்டரி செத்திருந்தா மெஷின் பல வருஷம் பின்னாடி நிக்கும், அப்டேட்டும் ஓடாது. 2032 பட்டன் பேட்டரிதான், ஆனா பல லேப்டாப்ல வயர் பற்றவச்ச வகை. வெறும் காசு பேட்டரி வாங்கிட்டு மலை ஏறாதீங்க.

காப்பிக்கொட்டை

அருமைங்க. ஸ்னாப்ஷாட் யோசனையால ஒரு பக்கமே மிச்சம். கடைசிப் படியை இப்படி மாத்தியிருக்கேன்: "நிறுவி முடிந்ததும் ரீஸ்டார்ட் கொடுக்கவும்."

அஸ்தம்பட்டி_அக்கா

அதுலயும் ஒண்ணு விட்டுட்டீங்க தம்பி. பென் டிரைவ் உள்ளேயே இருந்தா சில மெஷின் மறுபடியும் லைவ்லதான், அதாவது பென் டிரைவ்லேர்ந்தே, கிளம்பும். அங்கே யூசர் 'டெமோ', பாஸ்வேர்டும் 'டெமோ'. பையன் தன் பாஸ்வேர்டை அடிச்சுப் பார்த்துட்டு, நிறுவினது வீணாப்போச்சுன்னு மறுபடியும் முதல்லேர்ந்து போடுவான். "திரை அணைந்ததும் பென் டிரைவைக் கழற்றவும். நீங்கள் வைத்த பெயர் திரையில் தெரிய வேண்டும். 'டெமோ' என்று தெரிந்தால் கழற்றிவிட்டு மறுபடி ரீஸ்டார்ட்" அப்படின்னு போடுங்க.