'சோக்', 'சோக் அப்', 'சோக் இன்': தண்ணீரைக் குடிப்பது யார்?

கேள்வி (திருத்துறைப்பூண்டி):
எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் 'சோக் அப்' (soak up) நடத்துகிறேன். அகராதி 'உறிஞ்சு' என்ற ஒரே சொல்லோடு முடித்துவிடுகிறது. 'விதைநெல்லை ஊறவைத்தார்' என்பதை 'ஹீ சோக்ட் அப் தி சீட்ஸ்' என்று எழுதுகிறார்கள். 'வாட்டர் சோக்ட் அப் தி சாயில்' என்றும் வருகிறது. இரண்டும் தப்பு என்பதைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில் (கும்பகோணம்):
எழுவாய் யார் என்று கேட்கச் சொல்லுங்கள் டீச்சர், பாதிக் குழப்பம் போய்விடும். விதைநெல்லை 24 மணி நேரம் தண்ணீரில் போடுவது ஆள். அங்கே வெறும் 'சோக்' போதும்: 'ஹீ சோக்ட் தி சீட்ஸ்'. அந்த நெல் தண்ணீரை இழுத்து உப்புகிறதே, அதுதான் 'தி சீட்ஸ் சோக்ட் அப் தி வாட்டர்'. குடிப்பது எழுவாய், குடிபடுவது செயப்படுபொருள். உங்கள் பிள்ளை எழுதியதில் தண்ணீர் மண்ணைக் குடித்துவிட்டது!

தண்ணீரையே எழுவாயாக வைக்க வேண்டுமென்றால் 'தி வாட்டர் சோக்ட் இன்'. 'தண்ணி சுவறிப்போச்சு' என்கிறோமே, அதே பொருள். செயப்படுபொருள் வேண்டாம். ஆக ஊறவை, உறிஞ்சு, சுவறு என்று மூன்று தமிழ்ச் சொற்களையும் பக்கத்தில் எழுதிப்போடுங்கள்.

ஒரு கண்ணி இருக்கிறது. 'சோக் தி ரைஸ் இன் வாட்டர்' என்பதில் உள்ள 'இன்' தண்ணீரோடு சேர்ந்தது, 'தண்ணீரில்' என்பதன் 'இல்'. அது 'சோக் இன்' ஆகாது.

பதில் (மன்னார்குடி):
சொல் வரிசையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். 'சோக் அப் தி ஆயில்', 'சோக் தி ஆயில் அப்' இரண்டும் சரி. 'இட்' வந்தால் நடுவில்தான் உட்காரும்: 'சோக் இட் அப்'. 'சோக் அப் இட்' என்றால் மதிப்பெண் போகும். இறந்தகாலத்தை 'சோக்கெட்' என்று படிக்கவிடாதீர்கள். 'சோக்ட்' தான், சேர்த்துச் சொன்னால் 'சோக்டப்' என்று ஒட்டிக்கொள்ளும்.

எடுத்துக்காட்டுக்கு அடுப்படியே போதும். எண்ணெய் சரியாகக் காயாமல் பூரியைப் போட்டால் எண்ணெய் குடிக்கும்: 'தி பூரி சோக்ட் அப் தி ஆயில்'. தட்டில் இரண்டு கரண்டி சாம்பார் விட்டு இட்லியை வையுங்கள். சற்று நேரம் கழித்துப் பிட்டுப் பார்த்தால் அடிப்பாகம் பழுப்பாக ஊறியிருக்கும், மேலே வெள்ளையாகவே இருக்கும். அந்தக் கோட்டைக் காட்டி வாக்கியத்தைச் சொன்னால் மறக்கவே மாட்டார்கள். மேட்டூர் திறந்ததும் வரும் முதல் தண்ணீரை வறண்ட ஆற்று மணல் குடித்துவிடுவதும் இதே 'சோக் அப்' தான். கடைமடைப் பிள்ளைகளுக்கு அதை விளக்கவே வேண்டாம்.

அறிவியல் விடைத்தாளில் மட்டும் 'ரூட்ஸ் அப்ஸார்ப் வாட்டர்' என்றே எழுதட்டும். 'சோக் அப்' பேச்சுவழக்குச் சாயல் கொண்டது.

பதில் (நாகப்பட்டினம்):
உருவகப் பொருளில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 'சோக் அப் தி சன்' என்றால் வெயிலை அனுபவித்துக் கிடப்பது. உச்சிவெயிலில் நாற்று நடுகிறவரைப் பற்றி அப்படிச் சொல்லக் கூடாது, அது ஓய்வில் இருப்பவருக்கான சொல். திருவையாறு ஆராதனையில் காவிரிக்கரையோரம் உட்கார்ந்து இசையில் திளைப்பதற்குப் பொருந்தும். பிள்ளைகள் ஒரு மொழியைச் சுலபமாகக் கிரகித்துக்கொள்வதற்கும் பொருந்தும், உருப்போடுவதற்குப் பொருந்தாது. 'ரிப்பேர் செலவு பணத்தையெல்லாம் முழுங்கிருச்சு' என்பதற்கும் 'சோக்ட் அப்' வரும்.

'உள்வாங்கு' என்று மொழிபெயர்க்கும்போது கவனம். 'கடல் உள்வாங்கியது' என்பது கடல்நீர் கரையிலிருந்து பின்வாங்குவது; அதற்கு 'ரிசீட்' (recede) வேண்டும். 'சக் அப் டு' வேறு சங்கதி, அது காக்கா பிடிப்பது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மழையில் சட்டை தொப்பலாக நனைந்தால்?

பதில் (கும்பகோணம்):
'மை ஷர்ட் இஸ் சோக்ட்'. உடம்பு வரை ஊடுருவி நனைந்திருந்தால் 'சோக்ட் த்ரூ'. 'அப்' வேண்டாம்.