40 மீட்டர் டைபோல்: எஸ்.டபிள்யூ.ஆர். குறையவில்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அமெச்சூர் வானொலிக்கான (ஹாம் ரேடியோ) தொடக்கநிலை ரெஸ்ட்ரிக்டட் லைசென்ஸும், வி.யூ.3 என்று தொடங்கும் அழைப்புக்குறியும் வந்துவிட்டன. 2 மீட்டர் அலைவரிசையில் 145.800 மெகாஹெர்ட்ஸில் விண்வெளி நிலையத்தைக் கேட்டதிலிருந்து, 40 மீட்டர் அலைவரிசையான 7.000-7.200 மெகாஹெர்ட்ஸில் நானும் பேச வேண்டும் என்று ஒரே ஆசை. அதற்காக மொட்டைமாடியில் டைபோல் (நடுவில் கேபிள் இணைக்கும் இருபக்கக் கம்பி ஆன்டெனா) போட்டேன்: பக்கத்துக்கு 10 மீட்டர் செப்புக் கம்பி, நடுவில் 1:1 பலூன் (balun, கேபிளையும் ஆன்டெனாவையும் இணைக்கும் சிறு கருவி), முனைகளை நைலான் கயிற்றால் கைப்பிடிச் சுவரில் கட்டியிருக்கிறேன், நடுப்பகுதியே தளத்திலிருந்து 4 மீட்டர் உயரம்தான். ஆன்டெனா அனலைசரில் பார்த்தால் 7.100-ல் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் காட்டும் அளவு, 1-ஐ நெருங்கினால் நல்லது) 3, 6.900 பக்கம் 1.5.

அளவு 7.100-க்குக் கீழேதான் குறைகிறது என்பதால் கம்பியின் நீளத்தைக் குறைக்க வேண்டும் என்று புரிகிறது, ஆனால் முதலில் உயரத்தை ஏற்றிவிட்டு அப்புறம் வெட்டவா, இல்லை இப்போதைக்கு முனையை மடித்துக் கட்டினால் போதுமா? பக்கத்தில் இரும்பு ஏணி வேறு நிற்கிறது, அதுவும் அளவைப் பாதிக்குமா? 50 வாட்டுக்குள், எல்.எஸ்.பி.யில் (குரலை அனுப்பும் ஒரு முறை), தமிழ்நாட்டுக்குள் பேச எந்த நேரம் நல்லது என்பதையும் சொல்லுங்கள்.