எபிக்யூரஸும் புத்தரும் சொல்வது ஒரே இன்பமா?

தோட்டத்தான்:
ஒன்றுதான் என்பது என் கட்சி. கிரேக்கத் தத்துவவாதி எபிக்யூரஸ் (கி.மு. 341–270) என்றாலே தின்று குடித்துக் கூத்தடிப்பவர் என்று ஒரு நினைப்பு. ஒரு சின்னப் பானை சீஸ் அனுப்பு, தோன்றும்போது விருந்து வைத்துக்கொள்கிறேன் என்று நண்பருக்கு எழுதிய மனிதர் அவர். உடம்பில் வலியில்லை, மனத்தில் கலக்கமில்லை. அவருக்கு அதுவே இன்பத்தின் உச்சி. பாலி மொழிப் பௌத்த நூலான அங்குத்தர நிகாயத்தில் புத்தரின் சீடர் சாரிபுத்தர் ‘நிப்பானமே (நிர்வாணமே) சுகம்’ என்கிறார். நுகர்வே இல்லாத இடத்தில் ஏது சுகம் என்று உதாயி என்ற பிக்கு மடக்குகிறார். நுகர்வு இல்லாததுதான் அங்கே சுகம் என்று பதில் வருகிறது. இதில் எங்கே வேறுபாடு?

பாலிப்பித்தன்:
ஆசையை வெட்டுகிற இடத்தில். எபிக்யூரஸ் ஆசைகளைத் தரம் பிரிக்கிறார். பசிக்குச் சோறு இயல்பு, அவசியம். அறுசுவை இயல்புதான், அவசியமில்லை. மகுடமும் சிலையும் இரண்டுமில்லை. ‘இது நிறைவேறினால் எனக்கு என்ன ஆகும், நிறைவேறாவிட்டால் என்ன ஆகும்?’ என்று ஒவ்வொன்றையும் கேட்டுப் பார்க்கச் சொல்கிறார்.

பௌத்தம் பண்டத்தைப் பார்த்து வெட்டுவதில்லை. மணிமேகலை 30ஆம் காதையின் பன்னிரு சார்பில் (ஒன்றைச் சார்ந்து அடுத்தது தோன்றும் பன்னிரண்டு கண்ணிகளில்) ஊறு (தொடுகை), நுகர்வு, வேட்கை, பற்று என்று வரிசை போகும். நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில்தான் கத்தி. சோற்றின்மேல் வந்தாலும் வேட்கை வேட்கைதான். (நுகர்வுக்குப் பாலியில் ‘வேதனா’. அதை அப்படியே ‘வேதனை’ என்று தமிழில் போட்டுவிட்டு, புத்தருக்கு எல்லாமே வலிதான் என்று எழுதுகிறவர்கள் உண்டு. இன்பமும் வேதனாதான், இரண்டுமற்றதும் வேதனாதான்.)

தோட்டத்தான்:
பிக்குவும் பிச்சைப் பாத்திரம் ஏந்திச் சாப்பிடத்தானே செய்கிறார்? கத்தி எங்கே விழுந்தால் என்ன, கலக்கம் போனால் சரி.

பாலிப்பித்தன்:
சாப்பாட்டை விடுங்கள், வலி வரும்போது பாருங்கள். சிறுநீர் அடைப்பும் வயிற்றுக்கடுப்பும் வாட்டிய கடைசி நாளில் எபிக்யூரஸ் தன் நண்பர் இடோமெனியஸுக்கு எழுதுகிறார்: இது என் இன்பமான நாள், நாம் பேசிய பேச்சுகளின் நினைவை இந்த வலிக்கு எதிரே வைக்கிறேன். தராசு வேலை அது. வலிக்கு ஈடாக இன்பம் ஒன்று கையிருப்பில் இருக்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் தட்டு காலி. ராஜகிருகத்தில் கல்சில்லு காலைக் குத்தியபோது புத்தர் எதையும் எதிர்த்தட்டில் வைக்கவில்லை. வலி கடுமை என்று பாலி சூத்திரமும் சொல்கிறது. நினைவோடு, அலைக்கழியாமல் பொறுத்தார் என்கிறது.

ஸ்டகீராக்காரன்:
இருவரும் கிரேக்கம் என்றால் எபிக்யூரஸ் என்று முடிவே கட்டிவிட்டீர்கள். ஸ்டகீராவில் பிறந்த அரிஸ்டாட்டிலின் யூடைமோனியா (‘இன்பம்’ என்று பெயர்க்கப்படும் சொல்) உணர்ச்சியே அல்ல. வாழ்நாள் முழுக்க நற்பண்போடு செயல்படுவது. அதற்கு நண்பர், பிள்ளை, ஓரளவு பொருள் எல்லாம் வேண்டும். டிராய் மன்னன் பிரியாம் போல முதுமையில் எல்லாம் இழந்தவனை யாரும் இன்பமானவன் என்று சொல்வதில்லை என்கிறார்.

பாலிப்பித்தன்:
அந்தக் கணக்கும் புத்தரிடம் உண்டு. இல்லறத்தாருக்கு நான்கு சுகம் என்று அனாதபிண்டிகர் என்ற இல்லறச் சீடரிடம் சொல்கிறார்: பொருள் இருப்பது, அதை அனுபவிப்பது, கடனில்லாதது, பழியில்லாதது. முதல் மூன்றும் சேர்ந்து நான்காவதில் 16-இல் ஒரு பங்குகூடப் பெறாதாம்.

ஸ்டகீராக்காரன்:
அங்கேதான் இடிக்கிறது. நல்லவனாக இருந்தால் சித்திரவதைச் சக்கரத்திலும் இன்பம்தான் என்பவர்கள் உளறுகிறார்கள் என்று எழுதியவர் அரிஸ்டாட்டில்.

தோட்டத்தான்:
அறிஞன் அங்கேயும் இன்பமாகத்தான் இருப்பான் என்றவர் எபிக்யூரஸ். இப்போது சொல்லுங்கள், அவர் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார்?